கரண்டு என்று சொன்னது நான்தான்

மார்பில் கட்டி எடுத்த பெண்களை மேற்கொண்டு கதிர்வீச்சு சிகிச்சைக்கு அனுப்பும்போது, “அங்கே கரண்டு வைப்பாங்க, வலிக்காது” என்று நம் ஆஸ்பத்திரிகளில் இன்றைக்கும் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு சொந்தக்காரரைப் பார்க்கப் போன வார்டில், வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு நர்ஸ் பெண் அதே வார்த்தையை, நான் சிரித்த அதே சிரிப்போடு சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பதறியது. ஓய்வு பெற்றவளுக்கு வார்டில் என்ன அதிகாரம் என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் பெண்கள் படித்தால் போதும்.

அறுபதுகளின் கடைசியில் நான் விருத்தாசலத்தில் ஸ்டாஃப் நர்ஸ். இருபத்தாறு வயது. கட்டுப் போடுவதில் என்னை விட்டால் ஆளில்லை என்று ஒரு நினைப்பு. மார்புக் கட்டிக்கு அப்போது எங்களிடம் ஆபரேஷன் கிடையாது. கடலூருக்குப் போய் மார்பை எடுத்துக்கொண்டு, கட்டு மாற்ற எங்களிடம் வருவார்கள். புண் ஆறியதும் கதிர்வீச்சுக்கு மதராஸ். ஒன்றரை மாதம் அங்கேயே தங்கவேண்டும். நோயின் பெயரை நாங்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டோம், அவர்களும் கேட்கமாட்டார்கள். ஒருத்திக்கு வந்தது இன்னொருத்திக்குத் தெரியாது. இரண்டு பெண்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு, வயிற்று வலிக்கு வந்ததாக ஒருவருக்கொருவர் பொய் சொன்னதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் கட்டு மாற்றியவள் நான்தான்.

அஞ்சலை கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரி. முப்பத்துநாலு வயது, இரண்டு பெண் குழந்தைகள், நிலம் கொஞ்சம். புருஷன் இல்லை என்று சீட்டில் எழுதியிருந்தது. எப்படிப் போனார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும். வாய் திறந்து ஒரு குறை சொல்லமாட்டாள். புண்ணில் ஒட்டிய துணியைப் பிய்க்கும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். இப்படிப்பட்ட நோயாளிகளை நமக்கு ரொம்பப் பிடிக்கும், இல்லையா? தொந்தரவு இல்லாதவள் என்று நான் அவளுக்குப் பட்டம் கொடுத்திருந்தேன்.

புண் ஆறியது. மதராஸில் தேதி கொடுத்தார்கள். காகிதங்களை அவள் கையில் கொடுத்து, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

“ஒண்ணும் பயப்படாதே அஞ்சலை. நெஞ்சில கரண்டு வைப்பாங்க. அவ்வளவுதான். வலிக்காது.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “போயிட்டு வரேன் சிஸ்டரு” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பார்வையை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன். என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்.

மூன்று வாரம் கழித்து மதராஸிலிருந்து கடிதம் வந்தது. அஞ்சலை என்ற நோயாளி இதுவரை வரவில்லை, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் இடம் வேறு ஒருவருக்குப் போகும் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் டாக்டர் அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். “இன்னும் தள்ளிப்போட்டா திரும்ப வந்துடும்மா. அப்புறம் நம்ம கையில எதுவும் இல்ல” என்றார். அன்று திங்கட்கிழமை. மத்தியானம் டியூட்டி முடிந்ததும் கம்மாபுரம் பஸ்ஸைப் பிடித்தேன். அவளைப் போய் நன்றாகத் திட்டவேண்டும் என்ற கோபத்தில்தான் போனேன், பொய் சொல்வானேன்.

அஞ்சலை வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள், உள்ளே கூட்டிக்கொண்டு போனாள், சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நான் திட்ட ஆரம்பிக்கும் முன்பே அவள் கேட்டாள்.

“எங்க வூட்டுக்காரரு எப்பிடிச் செத்தாருன்னு தெரியுமா சிஸ்டரு உங்களுக்கு?”

தெரியாது என்றேன்.

“மோட்டாரு கொட்டாயில. சுச்சுல கைய வெச்சவரு அப்பிடியே ஒட்டிக்கிட்டாரு. நான் ஓடிப்போயி தோளப் புடிச்சி இழுத்தேன். என்னையும் தூக்கி வரப்புல கடாசிடுச்சு. கரண்டு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். நீங்க என்னடான்னா சிரிச்சிக்கிட்டே அத நெஞ்சுல வெப்பாங்கன்னு சொல்றீங்க.”

சொம்பைக் கீழே வைத்தேன். பதறியடித்துக்கொண்டு விளக்கம் சொன்னேன். அது மோட்டார் கரண்டு இல்லை, அது ஒரு கதிர், கண்ணுக்குத் தெரியாத கதிர், அதை உடம்பில் காட்டுவார்கள் என்றேன்.

“கதிருன்னா? நெல்லுக் கதிரா?”

படிக்காதவளின் கேள்வி என்று நீங்கள் சிரிக்காதீர்கள். அவள் வாழ்க்கையில் கதிர் என்றால் வயலில் இருப்பதுதான். வேறு எந்தக் கதிரையும் அவளுக்கு யாரும் காட்டியதில்லை. சூரியன், வெளிச்சம் என்று நான் ஏதேதோ உளறினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“அப்ப மொதல்ல சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?” என்றாள். நான் பதில் தேடுவதற்குள் அடுத்ததையும் கேட்டுவிட்டாள். “நீங்க அதுல படுத்துப் பாத்திருக்கீங்களா?”

“இல்ல.”

“அப்ப வுடுங்க சிஸ்டரு. எம் புள்ளைங்களுக்கு அப்பன்தான் இல்ல. ஆத்தா இருக்கிறவரைக்கும் இருக்கட்டும்.”

திரும்பி வரும் பஸ் முழுக்க எனக்கு ஒரே பெயர்தான் மனசில் ஓடியது. விருத்தாம்பாள்.

விருத்தாம்பாள் எங்கள் ஊர்ப் பீங்கான் கம்பெனி ஒன்றில் வேலை செய்தாள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் சுடாத பச்சைக் கப்பின் விளிம்பைச் சின்னக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, காயவைக்கும் பலகையில் அடுக்கும் வேலை. நாற்பது வயது இருக்கும். இரண்டு வருஷம் முன்பு அவளுக்கும் இதே ஆபரேஷன், இதே மதராஸ், இதே ஒன்றரை மாதம். கம்பெனியில் அவள் சொல்லியிருந்தது கர்ப்பப்பை ஆபரேஷன். அவள் புருஷனையும் என்னையும் டாக்டரையும் தவிர ஊரில் ஒருவருக்கும் உண்மை தெரியாது. அதைக் காப்பாற்றவேண்டியது என் கடமை. ஒரு நோயாளியின் விஷயத்தை இன்னொரு நோயாளியிடம் சொல்லக்கூடாது என்று நமக்கு முதல் பாடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்குப் போனேன். காய்கிற கப்புகள் வரிசை வரிசையாக நின்ற பலகைகளுக்குப் பின்னால் அவளை அழைத்துப்போய், பெயர் எதுவும் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் ஒரு தடவை வந்து அவளிடம் பேசினால் போதும் என்றேன். அவள் முகம் கறுத்துவிட்டது.

“எம் பேர அவகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்லம்மா. சத்தியமா இல்ல.”

“சொல்லாதீங்க. வர்ற வெள்ளிக்கிழமை பெண்ணாடத்துலேருந்து எம் பொண்ணப் பாக்க வராங்க. ஆத்தாளுக்கு இருந்தா மவளுக்கும் வரும்னு பேசுற ஊரு இது. இந்த நேரம் பாத்து வந்து நிக்கிறீங்களே, உங்களுக்கே நல்லாருக்குதா?”

சொல்லிவிட்டு ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கினாள். அதற்குமேல் என் பக்கம் திரும்பவில்லை.

வெளியே வந்து ரோட்டில் நின்றேன். அப்போது எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. அதையும் சொல்லவேண்டும். அஞ்சலையை ஏதாவது சாக்குச் சொல்லி டவுனுக்கு வரவழைத்து, கம்பெனி வாசலில் நிறுத்தி, வேலை முடிந்து வருகிற விருத்தாம்பாளைக் காட்டி, ‘அதோ போகிறாளே, அவளுக்கும் இதேதான், பார், நடக்கிறாள், சிரிக்கிறாள்’ என்று காதில் சொல்லிவிட்டால்? அஞ்சலை ஒருவேளை பிழைப்பாள். யார் சொன்னது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒருத்தியின் உயிருக்கு முன்னால் இன்னொருத்தியின் ரகசியம் பெரிதா என்று என் மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. அன்று மாலை அந்த யோசனையோடே வீட்டுக்குப் போனேன். அதை நான் செய்யாமல் விட்டதற்குக் காரணம் பெரிய தர்மம் எதுவும் இல்லை. ஒரு வார்த்தையை யோசிக்காமல் சொல்லி ஒருத்தியைக் கெடுத்தாயிற்று, இன்னொருத்தியையும் கெடுக்கப் பயமாக இருந்தது.

புதன்கிழமை பத்து மணிக்குக் கட்டு மாற்றும் அறை வாசலில் விருத்தாம்பாள் நின்றாள். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

“எனக்கு மொத நாளு கரண்டு வெச்சப்ப, நாகப்பட்டணத்துப் பொம்பள ஒருத்தி முன்னாடியே வெச்சிக்கிட்டு வந்து பெஞ்சில ஒக்காந்திருந்தா” என்றாள், வந்ததும் வராததுமாக. “நான் நடுங்குறதப் பாத்துட்டு எங் கையப் புடிச்சிக்கிட்டா. அவ புடிக்கலன்னா நானும் அன்னிக்கே ரயிலேறி ஓடியாந்திருப்பேன். அவ பேருகூட நான் கேக்கல சிஸ்டரு. பஸ்ஸு எத்தினி மணிக்கு?”

அஞ்சலை வீட்டுக்குள் போனதும் விருத்தாம்பாள் முதலில் குழந்தைகளை வெளியே அனுப்பினாள். பிறகு அஞ்சலையின் மாமியாரை. பிறகு என்னைப் பார்த்தாள்.

“நீங்களும் போங்க. வெள்ளையும் சொள்ளையுமா நீங்க நின்னீங்கன்னா அவ வாயத் தொறக்கமாட்டா.”

எனக்குச் சுருக்கென்றது. போனேன். கதவு சாத்திக்கொண்டது. கடைசி பஸ் நாலு மணிக்கு. எதிரில் இருந்த புங்க மரத்தடியில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. என்ன பேசுகிறார்கள், சரியாகச் சொல்கிறாளா, தப்பாக எதையாவது சொல்லி மேலும் பயமுறுத்திவிடுவாளா என்று ஆயிரம் கவலை. ஒரு நோயாளியை இன்னொரு நோயாளியிடம் ஒப்படைத்துவிட்டு நர்ஸ் தெருவில் நிற்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. மூன்றரை மணி ஆனது. போய்க் கதவைத் தட்டலாம் என்று இரண்டு அடி வைத்தேன். அப்போது உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அஞ்சலை சிரித்து அதுவரை நான் கேட்டதே இல்லை.

உள்ளே நடந்ததைப் பின்னால் அவர்களே சொன்னார்கள். விருத்தாம்பாள் முதலில் ரவிக்கையைக் கழற்றிக் காட்டியிருக்கிறாள். அஞ்சலை அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். பிறகு தன்னுடையதைக் காட்டியிருக்கிறாள். கரண்டு வைக்கும்போது எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு விருத்தாம்பாள் சொன்னது இது:

“வலியே கெடையாது. சுடாது, இழுக்காது, ஒண்ணும் தெரியாது. ஆனா உன்னப் படுக்கவெச்சிட்டு எல்லாரும் வெளிய ஓடிருவாங்க, கதவச் சாத்திருவாங்க. அப்பத்தான் பயமா இருக்கும். நான் கண்ண மூடிக்கிட்டு கப்பு எண்ணுவேன். ஒரு பலகைக்கு இருவது. ரெண்டு மூணு பலகை எண்றதுக்குள்ள கதவு தொறந்துரும். பத்து நாளைக்கு அப்புறம் தோலு கருக்கும், எரியும். எண்ணெ கிண்ணெ தடவிடாத, திட்டுவாங்க.”

எல்லாரும் வெளியே ஓடிவிடுவார்கள் என்பதை நான் ஒருத்தியிடமும் சொன்னதில்லை. எனக்கே அது தோன்றியதில்லை.

சிரிப்புக்குக் காரணம் கேழ்வரகு. எடுத்த பக்கம் பள்ளமாகத் தெரியக்கூடாது என்று விருத்தாம்பாள் ஒரு துணிப் பையில் பஞ்சு வைத்துப் பார்த்தாளாம். கனமே இல்லாமல் அது கழுத்துக்கு ஏறி வந்துவிட்டதாம். சரி என்று கேழ்வரகு போட்டுத் தைத்திருக்கிறாள். சூளைக்குப் பக்கத்தில் வேலை, கொட்டுகிற வேர்வை. மூன்றாம் நாள் அவிழ்த்துப் பார்த்தால் முளைகட்டியிருந்ததாம். “அடைதான் சுடணும்” என்று அவள் சொன்னதற்குத்தான் அஞ்சலை அப்படிச் சிரித்தது. இப்போது பருத்திக்கொட்டை வைத்திருப்பதாகச் சொல்லி அந்தப் பையையே அவிழ்த்து அவள் கையில் கொடுத்திருக்கிறாள்.

கதவு திறந்தது. அஞ்சலை வாசலில் நின்று என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். “அக்கா கூட வந்தா போறேன். மொத நாளு மட்டும் வந்தா போதும்.”

விருத்தாம்பாள் தரையைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். மதராஸ் கொடுத்த கெடுவும் வெள்ளிக்கிழமை. “சனிக்கிழமை மத்தியானப் பாசஞ்சருக்கு வரேன்” என்றாள் கடைசியில். “அதுக்கு முன்னாடி முடியாது.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். தேதியைக் காப்பாற்ற நினைத்தால் நாளைக்கே அஞ்சலையை வேறு துணையோடு ரயிலேற்றவேண்டும், வழியில் எந்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவாளோ தெரியாது. விருத்தாம்பாளுக்காகக் காத்திருந்தால் மதராஸில் இடம் போனாலும் போய்விடும். டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அஞ்சலையின் முகம் மறுபடி மூடிக்கொள்ளும் என்று தோன்றியது. “சனிக்கிழமை” என்றேன். ஊருக்குத் திரும்பியதும், ‘திங்கட்கிழமை காலையில் நோயாளி நிச்சயம் வருவார்’ என்று டாக்டர் பெயரில் மதராஸுக்குத் தந்தி கொடுத்துவிட்டு, பிறகுதான் அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்திய கத்தல் வராந்தா வரைக்கும் கேட்டது. “அவ வரலைன்னா நீயே பதில் எழுதிக்கோ” என்றார்.

சனிக்கிழமை ஜங்ஷனில் அஞ்சலை ஒரு தகரப் பெட்டியோடு வந்து உட்கார்ந்திருந்தாள். வண்டி வந்தது. விருத்தாம்பாள் வரவில்லை. இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி பத்து நிமிஷம் நிற்கும். அஞ்சலையைப் பெட்டியில் ஏற்றி ஜன்னலோரம் உட்காரவைத்தேன். ஐந்து நிமிஷம் போனது. மேம்பாலத்துப் படியில் யார் யாரோ இறங்கினார்கள். அஞ்சலை தகரப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா வரமாட்டாங்களா?”

முன் பெட்டியில் ஏறிவிட்டாள், நானே பார்த்தேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. வண்டி கிளம்பிவிட்டால் இறங்கமுடியாது, உளுந்தூர்ப்பேட்டை தாண்டியபின் தெரிந்தால் தெரியட்டும். இந்த மாதிரி பொய்களை நாம் தினமும் சொல்கிறோம், நோயாளியின் நல்லதுக்கு என்று சொல்கிறோம். ஆனால் அந்த முகத்தில் மறுபடியும் ‘மொதல்ல சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா’ என்ற கேள்வியைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

“எனக்குத் தெரியல அஞ்சலை. வரேன்னு சொன்னாங்க. நானும் உன்ன மாதிரிதான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்.”

அவள் எழுந்தாள். கார்டு விசிலை வாயில் வைத்தார். அப்போதுதான் படியிலிருந்து விருத்தாம்பாள் ஓடிவந்தாள். தனியாக வரவில்லை. நல்ல சேலை கட்டிய, காதில் வைரத்தோடு போட்ட ஓர் அம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரையும் நான் பெட்டிக்குள் தள்ளாத குறையாக ஏற்றினேன்.

“பெண்ணாடத்துச் சம்பந்தியம்மா” என்றாள் விருத்தாம்பாள், மூச்சு வாங்கியபடி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி. “நேத்து பாக்குவெத்தல மாத்துறதுக்கு முன்னாடி இவங்கள உள்ள கூப்ட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன் சிஸ்டரு. ஒரு பொம்பளைக்குத் தொறந்து காட்டிட்டு இன்னொரு பொம்பளகிட்ட மூடி மறைக்க எனக்கு ஆவல. ஒண்ணும் பேசாம எழுந்திருச்சுப் போயிட்டாங்க. சரி, போச்சுன்னு இருந்தேன். இன்னிக்கி நான் பொறப்படுற நேரத்துல வந்து நிக்கிறாங்க. ஒரு வருசமா கட்டி இருக்குதாம் இவங்களுக்கு. வூட்டுல ஒருத்தருக்கும் தெரியாதாம்.”

அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து பொய் சொன்ன அத்தனை பெண்களும் எனக்கு ஞாபகம் வந்தார்கள். என் டயரியில் ஒரு தாளைக் கிழித்து, இவரையும் பரிசோதிக்கவும் என்று எழுதி ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணம் நடந்தது. சம்பந்தியம்மா ரொம்பத் தாமதித்துவிட்டாள், பேரக்குழந்தையைப் பார்த்தாள், அதன் முதல் பிறந்தநாளுக்கு உயிரோடு இல்லை. கடைசி மாதங்களில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் விருத்தாம்பாள்தான். தந்தியால் மதராஸில் இடம் தப்பியது, அஞ்சலை ஒன்றரை மாதம் முடித்துத் திரும்பி வந்தாள். விருத்தாம்பாள் அவளைக் கம்பெனியில் சேர்த்துவிட்டாள். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையை மேலே தூக்க முடியாதவளைக் கீழ்ப் பலகையில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஒரு பலகை ஏற்றி, நாலாம் பலகை வரைக்கும் கப்பு வைக்கவைத்தாள். நான் ஓய்வு பெற்ற அன்று அஞ்சலை ஆஸ்பத்திரிக்கு வந்து எனக்கு மாலை போட்டாள், இரண்டு கையையும் தூக்கி. அதற்குள் எத்தனையோ பெண்களை நான் அவர்கள் இருவரிடமும் அனுப்பியிருந்தேன், ஒவ்வொரு தடவையும் முன்கூட்டி அவர்களைக் கேட்டுவிட்டு.

பதில் தெரியாத கேள்வி வரும்போது, பதில் தெரிந்தவள் எந்தக் கட்டிலில் இருக்கிறாள் என்று தேடுங்கள். அவள் சம்மதித்தால் கூட்டி வாருங்கள். பிறகு வெளியே போய் நில்லுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அன்றைக்கு ஜங்ஷனில் விசில் ஊதிய பிறகு, வண்டி அசைவதற்கு முன் ஒரு நிமிஷம் இருந்தது. ஐந்து நாள் முன்பு சாகத் தயாராக இருந்தவள், இன்னும் அந்த இயந்திரத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத அஞ்சலை, தன் பெட்டியைக் காலுக்குக் கீழே தள்ளிவிட்டு நகர்ந்து உட்கார்ந்து, வைரத்தோட்டு அம்மாளுக்கு இடம் கொடுத்தாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பயப்படாதீங்கக்கா. கரண்டு வெச்சாலும் வலிக்காது. எல்லாரும் வெளிய ஓடிருவாங்க, கதவச் சாத்திருவாங்க, அப்ப மட்டுந்தான் பயமா இருக்குமாம். எதையாவது எண்ணிக்கிட்டே இருக்கணும். இந்த அக்கா கப்பு எண்ணுவாங்க. நான் நடவுக்குப் போடுற நாத்து முடி எண்ணப்போறேன். நீங்க என்னா எண்ணுவீங்க?”

அந்த அம்மாள் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள். கொஞ்சம் யோசித்தாள்.

“கரும்புக் கட்டு” என்றாள்.